காதியாரின் அரசாங்கம்

இரண்டு தளபதிகளும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் துப்பாக்கி.

மேசைக்குப் பின்னால் காதியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் அந்த அறை. காதி நீதிமன்றம் என்று ஒரு பலகை. இத்தனை காலமும் அவர் விசாரித்தது புருஷன் பெண்சாதி சண்டை மட்டும்தான்.

பெருநாளுக்கு முந்தின வாரம் அரசாங்கம் விழுந்தது. அமைச்சர்கள் கப்பலேறினார்கள். பொலிஸ் நிலையத்தில் கோழி அடைகாத்தது.

அவர் வழக்கம்போல வந்து கதவைத் திறந்தார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

ஊரில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். முதலில் மீன் வியாபாரிகள் வந்தார்கள். பிறகு வயல் எல்லைத் தகராறு வந்தது. பிறகு மின்சாரம்.

இன்று பாலம்.

பாலம் யாருக்கு என்று ஜவ்பரின் ஆட்களும் றிஸ்மியின் ஆட்களும் நேற்று முழுக்கச் சுட்டுக்கொண்டார்கள். காதியார் சொன்னால் கேட்கிறோம் என்று இருவரும் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் ஊரைக் கொளுத்துவார்.

பழக்கத்தில் காதியாரின் வாய் தானாகக் கேட்டது.

"எவ்வளவு காலம் சேந்து இரிந்தீங்க?"

ஜவ்பர் திகைத்தான். "சின்ன வயசிலிருந்து."

"பிரிவுக்குக் காரணம்?"

"ஆக்களுக்கு முன்னால என்னய மடையன் எண்டான்."

"அவர் உங்களுக்குச் செஞ்ச நல்லது ஒண்டு சொல்லுங்க."

ஜவ்பர் கூரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"டெங்கு வந்து கிடக்கக்குள்ள கஞ்சி கொண்டு வந்தான்."

றிஸ்மி துப்பாக்கி வாரில் மூக்கைத் துடைத்தான்.

அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தீர்ப்புச் சொன்னார். பாலத்தைப் பிள்ளையாக நினைக்க வேண்டும். பகலில் ஒருவரிடம், இரவில் மற்றவரிடம். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைக்கு முன்னால் சண்டை கூடாது.

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

வாசலில் கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. இனி இந்த அறைதான் அரசாங்கம் என்று யாரோ கத்தினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

வரிசையில் அடுத்ததாக அவர் மனைவி நின்றாள்.

"என்ன வழக்கு?" குரல் இறங்கிவிட்டது.

"புருஷன் வீட்ட வாறல்ல. சோத்துக்கும் வாறல்ல. இஞ்ச வந்தாத்தான் மொகத்தப் பாக்கலாம் எண்டு வந்தன்."

தளபதிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, பிரதிவாதி நிற்கும் இடத்தில் நின்றார்.

நாற்காலி காலியாகக் கிடந்தது. தீர்ப்புச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கூட்டம் வழிவிட்டது.

ஜவ்பர் பின்னால் ஓடிவந்தான்.

"மாமி, அப்ப அரசாங்கம்?"

"பின்னேரம் அஸர் தொழுதுட்டு வாங்க மனே," என்றாள் அவள்.