சத்தமே வராத வகுப்பு

மூன்றாம் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். மேசை மேல் பிரம்பு இல்லை, வாயில் அதட்டல் இல்லை. கரும்பலகை முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவரின் முகத்தில், பிறந்ததிலிருந்து பாடம் நடத்தியவர் போல ஒரு களை.

ஆனால் அவர் வாத்தியார் இல்லை. ஒரு சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசர். இரண்டாவது பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ரெட்டைச் சடைக்காரியின் அப்பா.

வம்பு ஆரம்பித்தது போன வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில். இனிமேல் புதன்கிழமைதோறும் கடைசி இரண்டு பீரியட் டீச்சர்களுக்குப் பயிற்சி, அந்த நேரம் வகுப்புக்கு ஒரு பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று தலைமையாசிரியை சொன்னதுதான் தாமதம், மனிதர் எழுந்துவிட்டார்.

"எதுக்கு மேடம் பயிற்சி? வேலை தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தாங்க? இவங்க டீ குடிச்சுக் கதையடிக்க எங்க பிள்ளைங்க பாட நேரம்தான் கிடைச்சுதா?"

"கத்தாம, அடிக்காம வகுப்பை எப்படி நடத்தறதுன்னு கத்துக்கப் போறோம் சார். எங்களுக்கும் தெரியாதது நிறைய இருக்கு."

அந்த அம்மாள் அப்படி வெள்ளந்தியாக ஒத்துக்கொண்டதே வினையாகப் போயிற்று.

"இதுக்கெல்லாமா ஒரு பயிற்சி! நண்டும் சிண்டுமா நாலு பொடிசுங்க. நான் முரட்டு ஆளுங்களையே மேய்க்கறவன் மேடம். கையை ஓங்காம, குரலை ஒசத்தாம மூணாம் வகுப்பை நான் பார்த்துக்கறேன். ஒரு சத்தம் வரலைன்னா, இந்தப் புதன்கிழமைக் கூத்தை நிறுத்திடுவீங்களா?"

பெற்றோர் பலர் கை தட்டினார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் முகம் சுண்டிப்போய்ச் சுவரோரமாக ஒதுங்கினாள். பாவம், ஆத்திரத்தில் ஒரு பிள்ளையை அடித்துவிட்டு, குற்ற உணர்ச்சி தாங்காமல், "எனக்கு யாராவது சொல்லிக்குடுங்க மேடம்" என்று தலைமையாசிரியையிடம் போய் அழுதவளே அவள்தான். அதன் பிறகுதான் இந்தப் பயிற்சிக்கே ஏற்பாடு ஆனது.

கை தட்டலுக்கு முன்னால் தலைமையாசிரியை என்ன செய்வார்? "சரி சார், சத்தம் வரலைன்னா நிறுத்திடறோம்" என்றார்.

இன்று காலையில் மகள் ஷூ மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க கண்டிப்பா வரணுமாப்பா?"

"ஏன்டி, அப்பா வர்றது அவமானமா இருக்கா?"

அவள் குனிந்து அடுத்த ஷூவை மாட்டினாள். காது மடல் மட்டும் சிவந்து போயிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று அவர் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் வகுப்புக்குள் வந்ததும் "எல்லாரும் படம் வரைங்க" என்றார். அவ்வளவுதான். குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. தண்ணீர் குடிக்கப் போகணும் என்றுகூட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு தடவை, தகரப் பென்சில் டப்பா ஒன்று கீழே விழுந்து அலறியது. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் டஸ்டரோடு சட்டென்று திரும்பினார். வகுப்பு மொத்தமும் பார்த்தது அவரை இல்லை, அவர் மகளை. அவளோ இரண்டு கையாலும் கன்னத்தை மூடியிருந்தாள்.

'அட, வெட்கத்தைப் பாரு கழுதைக்கு' என்று நினைத்துக்கொண்டு அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மணி அடித்ததும் டீச்சர்களும் தலைமையாசிரியையும் வராந்தாவில் திரும்பி வந்தார்கள். டீ குடித்துக் கதையடித்த முகங்களாக இல்லை. தாங்கள் அடித்த பிள்ளைகள் ஞாபகம் வந்ததோ என்னவோ, இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி சார் இது? எனக்குத் தினமும் தொண்டைத்தண்ணி வத்திப் போகும். நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை போல."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அதைக் கேட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தில் வாய்க்கு வந்தபடி பேசியிருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஜெயித்த வாய் சும்மா இருக்குமா?

"பயிற்சியில எல்லாம் இது வராது டீச்சர். பிள்ளைங்களுக்கு நம்ம மேல ஒரு மரியாதை வேணும், அவ்வளவுதான்." தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "என்ன மேடம், அடுத்த புதன்கிழமை வழக்கம்போலப் பாடம்தானே?"

கொடுத்த வாக்காயிற்றே. தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, "சரி சார்" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் யாரோ சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. "வேணாம்டி, வேணாம்டி" என்று மகள் அவளைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தாள். அவள் அசையவில்லை.

"அங்கிள், நாங்க யாருமே சத்தம் போடலைல்ல?"

"போடவே இல்லையே! தங்கமான பிள்ளைங்க. என்ன வேணும் சொல்லு, சாக்லேட்டா?"

டீச்சர்கள் எல்லோரும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப, வீட்டுக்குப் போய் இன்னைக்கு இவளை அடிக்க மாட்டீங்கதானே?"