துரை பார்க்க வந்த மரக்கறித் தோட்டம்

"ஆடி முடியறதுக்குள்ள பெரிய தொரையே வந்து நான் போடப்போற மரக்கறித் தோட்டத்தைச் சுத்திப் பார்ப்பாரு. வரலைன்னா இந்த போனை வித்து உனக்குக் கோழி வாங்கித் தாரேன்!"

தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற குழந்தைவேலு இப்படிச் சவால் விட்டதும், மனைவி பவளம் டயகம டவுன் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

"நம்ம லயத்து வீட்டுக் கூரை பறந்தப்பவே எட்டிப் பார்க்காத தோட்டத்துத் தொரை, உங்க லீக்ஸைப் பார்க்கவா வரப்போறாரு?"

குழந்தைவேலு அசரவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வீட்டைக் கண்டுபிடித்து, எதை எங்கே நடலாம் என்று சொல்லும் செயலிகளைப் போனில் இறக்கினார். முதலாவது, வாசலில் பாய் விரிக்கிற அளவு இடத்தைக் காட்டியது.

"சரியான கஞ்சன்!" என்று அழித்தார். இரண்டாவதும் அதே கதை. மூன்றாவதைத் திறந்ததும் முகம் மலர்ந்தது.

"இதுதான் புள்ள நம்மளை மதிக்குது!"

அது காட்டிய இடத்திலெல்லாம் லீக்ஸும் கரட்டும் நட்டார். முழங்கால் வலியில் பவளம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆடிக் கடைசியில் ஜீப் வந்து நின்றது. பெரிய துரையேதான்! லயத்துக்குப் பின்னால் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழந்தைவேலு மீசையை முறுக்கிக்கொண்டு மனைவியையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தேயிலைக்கு நடுவுல லீக்ஸ் நட்டது யாரு?" துரையின் சத்தத்தில் மலையே அதிர்ந்தது.

குழந்தைவேலு போனை நீட்டினார்.

"இந்த மலை பூராவும் நம்ம வீட்டு வாசல்னு இதுல காட்டுதுங்க ஐயா."

பவளம் தலையில் கைவைத்தாள்.

"போனை நீங்களே வச்சுக்குங்க. தொரை வந்துட்டாரு."