ஊதிவிட்டு ஏறுங்கள்

அருளானந்தத்தின் வாயருகே அந்தக் கருவியை நீட்டியபடி நின்றாள் ஹேமலதா.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அவள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரோ அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே இங்கே கிரேன் ஓட்டுகிறவர்.

ஷெட்டுக்குள் பிரஸ் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. தகட்டின் மேல் அடி விழும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. அவள் கத்தித்தான் பேசினாள். அப்படியும் அவருக்குப் பாதிதான் கேட்டது. மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு கிரேனுக்கு ஏறும்போது ஏணியின் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டார். மெல்ல இறங்கிவந்தபோது கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

ஹேமலதா பார்த்துவிட்டாள்.

குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் கருவி அப்போது இன்னொரு யூனிட்டில் இருந்தது. கிரேனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, நாளைக் காலையில் ஊதிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஷெட் முழுக்க அதே பேச்சு. கொஞ்ச நாளாகவே அவர் நடையைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான். புதுச்சேரியில் ஒருவன் தள்ளாடினால் அதற்கு வேறு காரணம் தேடுகிறவர் யாருமில்லை.

கமலக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கொக்கியில் சங்கிலி மாட்டுகிறவன் அவன். கிரேன் தூக்கும் இரும்புக்குக் கீழேயே நாளெல்லாம் நிற்கிறவன். நேற்று சாயங்காலம் கேட் வரைக்கும் கூடவே வந்து, இன்று ஒரு நாள் மட்டும் குடியைத் தொடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியனுப்பினான்.

அருளானந்தம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கமலக்கண்ணன் சற்றுத் தள்ளி நின்று கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

அருளானந்தம் குழாயைக் கவ்வினார். காதுக்குள் எந்நேரமும் கேட்கும் இரைச்சலையும் மீறி நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது.

ஊதினார். மூச்சு போதவில்லை. மறுபடியும் ஊதுங்கள் என்றாள்.

வீட்டில் மனைவி சூசைமேரி தவக்காலத்துக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாள். மகள் மெரினுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இந்த வேலை போனால், இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

மாதாவே, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். கமலக்கண்ணன் கையுறையைத் தரையில் எறிந்துவிட்டு அப்பால் போனான்.

ஹேமலதா திட்டவில்லை. ஒரு வாரம் சஸ்பென்ட் என்றாள். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"டெஸ்ட்டுன்னு தெரிஞ்சும் குடிச்சிட்டு வந்துருக்கீங்களே, அண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் பரவிய நிம்மதி அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

அதுதான் அவர் வாழ்க்கையில் குடித்த முதல் குடி. நேற்று ரெட்டியார்பாளையத்தில் வாங்கி, வண்டிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, சற்று முன்னால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று தண்ணீர்கூடக் கலக்காமல் விழுங்கியது. தொண்டை இன்னும் எரிந்தது.

குடிக்கவில்லை என்று கருவி காட்டியிருந்தால், அடுத்து கம்பெனி டாக்டரிடம்தான் அனுப்பியிருப்பாள். அங்கே கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள். போன மாதம் ஆஸ்பத்திரியில் காது டாக்டரும் அப்படித்தான் சொன்னார். கண்ணை மூடினதுதான் தெரியும். திறந்தபோது அருளானந்தம் தரையில் கிடந்தார். கேட்பது மட்டுமல்ல, விழாமல் நிற்பதும் காதுக்குள்தான் இருக்கிறது, இத்தனை வருடச் சத்தம் இரண்டையும் கெடுத்துவிட்டது போலிருக்கிறது என்றார் அந்த டாக்டர். இனி உயரத்தில் ஏறவே கூடாது என்றும் சொன்னார்.

வீட்டில்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

இந்தக் கம்பெனியில் குடிகாரனுக்கு ஒரு வாரம். காது கெட்டவனுக்கு அன்றோடு சரி. பிரஸ்ஸில் நின்ற நெல்சனை அப்படித்தான் அனுப்பினார்கள். எப்படியாவது இன்னும் ஒரு வருடம் தள்ளிவிட வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்தார்கள்.

கமலக்கண்ணன். கோபம் தணிந்திருந்தது. அவருக்குக் கொஞ்சமாவது கேட்கிற வலது காதருகே குனிந்து, ஒரு வாரம்தானே, வந்துவிடுங்கள் என்றான்.

"நேத்து வேற ஆளு ஓட்டுனான். கொக்கிக்குக் கீழ நிக்கவே பயமா இருந்துச்சு. நீங்க மேல இருந்தா நான் அண்ணாந்து பாக்கறதே இல்லண்ணே."

அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

பிரஸ் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டதும் அவன் உள்ளே ஓடினான். அருளானந்தம் நின்ற இடத்திலேயே நின்றார். வாட்ச்மேன் அவருக்காகச் சின்னக் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

அவர் வெளியே போகவில்லை.

ஹேமலதா தன் அறையில் எழுதிக்கொண்டிருந்தாள். நிழல் தட்டவும் நிமிர்ந்தாள். இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"நேத்து ஏணியில நின்னது குடியால இல்லம்மா. நல்லா பாருங்க," என்று சொல்லிவிட்டு, கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடினார்.