பழைய இரும்புக்காரர் காத்திருக்கிறார்

சமையல் மேடையில் செய்தித்தாளை விரித்து, பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பியிருக்கிறார்கள் அக்காவும் தங்கையும். அடுப்புப் பக்கம் இன்று யாருக்கும் அனுமதியில்லை. டீ வடிகட்டியில் பெட்ரோலில் குளித்த பித்தளைத் துணுக்குகள் மினுங்குகின்றன. கிளம்பாமல் கிடக்கும் பைக்கை எடைக்குப் போட்டுவிட அக்காவின் வீட்டுக்காரர் வரச்சொன்ன பழைய இரும்புக்காரர், வாசலில் தராசோடு நிற்கிறார். தங்கை, பெட்ரோல் பாயும் துளையுள்ள அரிசிமணி அளவு ஜெட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். துளை அடைத்து ஒரே இருட்டு. மெல்லிய செம்பு இழையை விட்டு ஆட்டி, கன்னம் உப்ப ஊதிவிட்டு மறுபடி பார்க்கிறாள். ஊசிமுனை அளவுக்கு ஆகாயம். "அக்கா, தெரியுதுக்கா!" மளமளவென்று எல்லாவற்றையும் பூட்டி, ஓடிப்போய் வண்டியில் மாட்டுகிறார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிக்கரை மிதிக்கிறாள். மிதிக்கிறாள். மிதித்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுகிறார். இரும்புக்காரர் தராசுக் கொக்கியை வெளியே எடுக்கிறார். "ஏன்க்கா, கழட்டும்போது மூடின பெட்ரோல் டேப்பைத் திறந்தியா?" அக்கா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். டேப்பைத் திருப்பியதும் டியூபுக்குள் பெட்ரோல் குடுகுடுவென்று இறங்குகிறது. அடுத்த மிதிக்கு ஒரு தும்மல், ஒரு கொத்துப் புகை, பிறகு ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்க ஓர் உறுமல். தங்கை குதிக்கிறாள். அக்கா ஆக்ஸிலரேட்டரை விடுவதாக இல்லை. இரும்புக்காரர் கொக்கியைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரின் காதோரம் கத்துகிறார்: "உயிரோட இருக்கிறதை நான் எடைக்கு எடுக்கிறதில்லைங்க!"