பாதியில் நின்ற பேய்

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஓர் ஆண்குரல்.

நாகேஷ் லேப்டாப் பையோடு அப்படியே நின்றான். வைட்ஃபீல்டு ஆபீஸிலிருந்து அவன் ஏழு மணிக்கே வீடு வந்து சேர்வது அதிசயம். வந்த அன்றைக்கா இப்படி?

"அந்தப் பேய் தெருத் தெருவா வரும். நம்ம வீட்டு ஆளுங்க குரல்லயே கூப்பிடும். கதவத் தொறந்தா அவ்ளோதான்!"

"ஐயோ!" என்று கத்திச் சிரித்தாள் மகள் வைஷ்ணவி. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நாகேஷுக்கு வயிறு எரிந்தது.

மேல்வீட்டு ரகுராமாகத்தான் இருக்கும். குழந்தைகளைக் கண்டால் போதும், மேஜிக், மிமிக்ரி என்று குழைவான். வாசலில் அவன் செருப்பைக் காணோம். எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பான், கில்லாடி! குரலைப் பார், ஜலதோஷம் பிடித்த மாதிரி. இதற்கா இந்தச் சிரிப்பு?

சமையலறையில் மனைவி வீணா நிதானமாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு உள்ள?" என்று பல்லைக் கடித்தான்.

"வைஷு கதை கேட்டுட்டிருக்கா. தினம் இதைக் கேட்டாத்தான் சாப்பாடே எறங்கும்."

"தினமுமா! கண்டவன் கதை சொல்லணுமா என் பொண்ணுக்கு? நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

வீணா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்களே போய்ப் பாருங்க."

கதவருகே போனான். குரல் இன்னும் உற்சாகமாகியிருந்தது.

"அதனால எல்லாரும் கதவுல 'நாளே பா'ன்னு கன்னடத்துல எழுதி வெச்சாங்க. நாளைக்கு வான்னு அர்த்தம். பேய் படிச்சிட்டுத் திரும்பிப் போயிடும். ஒருநாள் ஒரு வீட்டுல எழுத மறந்துட்டாங்க. டொக்! டொக்! யாருன்னு பாத்தா... இரு கண்ணு, ஒரு நிமிஷம்."

"இரு கண்ணு, ஒரு நிமிஷம்" என்று வைஷ்ணவியும் கூடவே சொன்னாள்.

கண்ணாம், கண்ணு! நாகேஷ் கதவை ஓங்கித் தள்ளினான்.

கட்டிலில் வைஷ்ணவி மட்டும் இருந்தாள். தலையணை மேல் வீணாவின் பழைய போன்.

"எங்க அவன்?" என்று திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான்.

"யாருப்பா?"

"கதை சொன்னானே, அவன்!"

வைஷ்ணவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நகர்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

"அது நீதாம்பா! போன வருஷம் கரண்ட் போனப்ப சொன்னியே, அம்மா ரெக்கார்ட் பண்ணா. பாதியில ஆபீஸ் போன் வந்து எழுந்து போயிட்ட. கதவத் தட்டினது யாருப்பா?"