சாய்த்தால் நிற்கும் கேமரா

கோவில் வாசற்படியை மூன்றாவது தடவை எடுத்தபோது கேமரா மறுபடியும் ஹேங் ஆனது.

ஜயஸ்ரீ பட்டனை அழுத்திப் பார்த்தாள். அணைத்துப் பார்த்தாள். அணையவில்லை. ஓரத்துச் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது.

பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். உயிர் வந்தது.

உள்ளே நாகஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பெருமாள் புறப்பட்டு வர அதிக நேரம் இல்லை. நேற்று மாலைப் புறப்பாட்டிலும் இதே கதைதான். ஒரு படம்கூட உருப்படியாக விழவில்லை.

"பெருமாளே வேண்டாங்கறார் போலிருக்கு. பைக்குள்ள வெச்சுட்டு நிம்மதியா சேவியேன்" என்றாள் அம்மா வத்ஸலா.

ஜயஸ்ரீ கேமராவைப் பைக்குள் வைக்கவில்லை.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. அங்கே லைன் நின்றுபோனால் யாரும் பெருமாளை இழுப்பதில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள்.

காலையிலிருந்து அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பேட்டரியை மாற்றினாள். நின்றது. கார்டை மாற்றினாள். நின்றது. சென்னையில் கேமரா வாங்கிய கடைக்குப் போன் செய்தாள். ஒரு வாரம் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். லென்ஸைக் கழற்றி, அது கேமராவோடு சேரும் இடத்திலிருந்த சின்னச் சின்ன உலோகப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது.

அப்படியானால் கோளாறு அந்த இடத்தில்தான். அதுவரை கண்டுபிடித்தாயிற்று.

வேறு லென்ஸ் அவளிடம் இல்லை. போனில் எடுக்கலாமென்றால் நகர்வதெல்லாம் கலங்கலாக விழுகிறது.

கோபுரத்தைப் பார்த்துக் கேமராவை உயர்த்தி வரிசையாக அழுத்தினாள். ஓடியது. எதிர்வீட்டு வாசலை நேராக எடுத்தாள். ஓடியது. தரையில் போட்டிருந்த கோலத்தை நோக்கிச் சாய்த்தாள்.

நின்றது.

பேட்டரியைக் கழற்றிப் போட்டு மறுபடி சாய்த்தாள். மறுபடி நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கனமான லென்ஸ். கீழே சாய்த்தால் முன்பக்கம் தொங்கி, சேருமிடத்தில் ஒரு மயிரிழை விலகுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

அம்மாவிடம் சொன்னாள்.

"அப்போ சாய்க்காம எடு. பெருமாள் மேலதானே எழுந்தருளியிருக்கார்?"

ஜயஸ்ரீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவோரம் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரம் சில்லென்று ஏறியது. தண்ணீர் தெளித்துவிட்டு வாளியோடு வந்த கோவில் வேலையாள் அப்பாவு பதறிப்போனார்.

"எம்மா, அங்க குந்தாத. தூக்கிக்கினு வர்றவங்களுக்கு நீ கீறது தெரியாது."

ஓரமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. முழங்கையை முட்டியில் ஊன்றி, இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து மேலே தாங்கிப் பிடித்தாள். கை வலித்தது. விடவில்லை.

மேளம் நெருங்கியது. குடை திரும்பியது. பின்னாலேயே பல்லக்கு.

வீதியே அண்ணாந்து பார்த்தது. கைகள் தலைக்கு மேலே போயின. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜயஸ்ரீ மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அழுத்தினாள். விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

கேமரா ஓடியது. பல்லக்குத் தாங்கிகளின் மூச்சுச் சத்தம் தலைக்கு மேலே கடந்து போகும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

கூட்டம் பல்லக்கின் பின்னால் நகர்ந்தது. அம்மா வந்து அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பெருமாள் நன்றாக விழுந்திருக்கிறாரா, காட்டு என்றாள்.

ஜயஸ்ரீ திரையைத் திருப்பினாள்.

படத்தில் பெருமாள் இல்லை. பல்லக்குகூட இல்லை. முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டிகளும், ஈரத் தரையில் வெறும் கால்களுமாக இருந்தது.

அம்மா என்னவோ கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு வலது கால். முட்டியிலிருந்து கணுக்கால்வரை நீளமாகத் தையல் தழும்பு. இரண்டு வருஷமாக அம்மாவே எண்ணெய் தடவிவிட்ட தழும்பு.

ஒரகடம் திருப்பத்தில் லாரி மோதிய நாளில், இனிமேல் கம்பு இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்ன கால். தம்பி வெங்கட்ரமணனின் கால். அவனைக் கோவில் வரிசையில்கூட அம்மா நிற்க விட்டதில்லை. இன்றைக்கும் காலையில் அவனை வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மாதக்கணக்காகத் தாங்கிகளோடு பல்லக்குத் தூக்கப் பழகியதை அவன் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். கூட்டத்தில் அம்மா பெருமாளைத்தான் பார்ப்பாள், தன்னைப் பார்க்கமாட்டாள் என்றான். வாயால் சொன்னால் நம்பவும் மாட்டாள், நீ எடுத்துக் காட்டு என்று கேட்டிருந்தான்.

ஜயஸ்ரீ அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அந்தக் கால் உயர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் முழுப் பாதமும் தரையில் பதிந்திருந்தது.

அம்மா இரண்டு விரலால் திரையில் அந்தப் பாதத்தைத் தொட்டாள்.

பிறகு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.