கடைசி வரியின் புள்ளி

சூரியநெல்லி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்து முத்துப்பேச்சி டீச்சர், டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டி ஆஸ்பத்திரியில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எதிர்ச்சுவர் அட்டை முழுக்க மலையாள எழுத்து. ஜன்னலில் பனி வெளுத்துக் கிடக்கிறது. "கண்ணு காணலையா டீச்சரே?" டாக்டரின் பேனா படிவத்தின் மேல் இறங்குகிறது. "கண்ணு நல்லாத் தெரியுது சார். இந்த எழுத்துதான் படிக்கத் தெரியாது." பொத்திய கையை எடுக்காமலே பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மண்டியிடுகிறாள். அட்டையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சுழியாகச் சிவப்புத் தரையில் வரைந்துகொண்டே போகிறாள். கடைசி வரியின் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் வைக்கிறாள். "அங்கே புள்ளி இல்லல்லோ!" "இருக்கு சார்." டாக்டர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையில் மூக்கு உரசக் குனிகிறார். ஈயின் எச்சம்.